சந்தை, வளையல், சிலுவை, பந்தி

ஞானசெல்வி எதற்குத்தான் பயப்பட மாட்டாள் என்று கேட்டால், அவள் புருஷன் பிரின்ஸ் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தோசைக்குப் பயப்பட மாட்டா" என்பான். மற்றபடி பல்லி, இடி, தெரியாத நம்பரிலிருந்து வரும் போன், நிறுத்தத்தில் நிற்காமல் போகிற ராஜபாளையம் பஸ், நின்று ஏற்றிக்கொண்டு கண்மண் தெரியாமல் ஓடுகிற ராஜபாளையம் பஸ், எல்லாவற்றுக்கும் பயம்தான். இப்படிப்பட்ட ஒருத்திக்கு ஆண்டவர் எங்கே வேலை போட்டுக் கொடுத்தார் தெரியுமா? ஆசிட் பாட்டிலும் பிளேடும் இருக்கிற அறையில்! பக்கத்து அறையில் எலும்புக்கூடு வேறு. சங்கரன்கோவிலில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் தாவரவியல் ஆய்வகத்தில் அவள் உதவியாளர். பிள்ளைகளுக்கு அவள் லேப் அக்கா.

இது நடந்தபோது வேலைக்கு வந்து பதினேழு வருஷம் ஆகியிருந்தது. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. நான் சொல்லப்போகிற அந்த வருஷம்தான் அவளை நிரந்தரமாக்கச் சொல்லி நிர்வாகம் மேலே ஃபைல் அனுப்பியிருந்தது. ஆபீஸ் கிளார்க் ராஜேஷ்குமார் நல்ல மனுஷன், ஆனால் வாய் சும்மா இருக்காது. "அக்கா, ஃபைல் போயிருக்கு. இனி ஒரு புகாரு கிகாரு வந்துச்சுன்னு வைங்க, அவ்வளவுதான், ஃபைலு அங்கனயே படுத்துக்கும். சூதானமா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து அவளுக்கு ராத்தூக்கம் போயிற்று. பிள்ளைகள் ஒரு கண்ணாடிக் குழாயை உடைத்தால்கூட ஃபைல் கண் முன்னால் வந்து படுத்துக்கொள்ளும்.

இவள் பத்தாவது வரைக்கும் படித்தவள். இங்கிலீஷை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாசமே தாவரவியல் ஆசிரியை கோமதியம்மாள் டீச்சர் ஒரு பழைய மரப்பெட்டியை அவள் முன்னால் வைத்து, "ஞானம், இதுல தண்டு, வேரு ஸ்லைடு எல்லாம் கலந்து கெடக்கு. இனம் பிரிச்சு அடுக்கி வையி" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். பெட்டியைத் திறந்தால், கண்ணாடித் துண்டுகளில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டுகளைப் பூச்சி அரித்துத் தின்றிருந்தது. டீச்சரிடம் போய்க் கேட்கப் பயம். கேட்காமல் தப்பாக அடுக்கவும் பயம். வேறு வழியில்லாமல் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். கறுப்பாகக் கம்பி கம்பியாக ஏதோ ஆடியது. "யம்மா!" என்று பின்னால் குதித்தாள். அது அவளுடைய கண்ணிமை மயிர்.

இரண்டாம் தடவைதான் உள்ளே இருப்பது தெரிந்தது. தெரிந்ததும் கொஞ்ச நேரத்துக்குப் பயமே மறந்துபோயிற்று என்று பிற்பாடு அவளே சொல்லியிருக்கிறாள். ஒரு வட்டம். அதற்குள் சிவப்புச் சாயம் ஏறின சின்னச் சின்ன முகங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் இரண்டு பெரிய கண், கீழே ஒரு வாய். ஒழுங்கு வரிசை ஒன்றுமில்லை, இஷ்டத்துக்குச் சிதறி நின்றன, ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு, நடுவில் கொஞ்சம் விலகி. சந்தை என்று பேர் வைத்தாள். அடுத்த துண்டில் அதே மாதிரி முகங்கள், புத்தகம் கற்றைகள் என்று சொல்லும், ஆனால் கல் பதித்தது போல ஒரே வளையமாக. அது வளையல். மூன்றாவதில் நட்ட நடுவில் நாலு கை நீட்டி ஒரு சிவப்பு உருவம். பார்த்த மாத்திரத்தில் சிலுவை என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். நாலாவதில் நடுவே சோற்றைக் குவித்து வைத்தாற்போல் வெள்ளையாக ஒரு பகுதி, அதைச் சுற்றி வட்டமாகப் பெரிய பெரிய ஓட்டைகள். வேதக்கோவிலில் அசன விருந்து போடுகிற அன்றைக்குச் சோற்றைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்திருக்கிறது நினைவுக்கு வர, அது பந்தி ஆயிற்று.

சந்தை மக்காச்சோளத் தண்டு. வளையல் சூரியகாந்தித் தண்டு. சிலுவை அவரை வேர். பந்தி மக்காச்சோள வேர். புத்தகம் இவற்றையே ஒருவிதையிலைத் தாவரத் தண்டு, இருவிதையிலைத் தாவரத் தண்டு, இருவிதையிலைத் தாவர வேர், ஒருவிதையிலைத் தாவர வேர் என்று சொல்லும். நாலையும் வரிசை மாறாமல் நினைவில் வைப்பதற்குள் பிள்ளைகளுக்கு நாக்கு தள்ளிவிடும். ஞானசெல்வி அடுக்கி வைத்த பெட்டியை டீச்சர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாற்பத்திரண்டு துண்டு, ஒன்றுகூடத் தப்பில்லை. "எப்படிட்டி பிரிச்ச?" என்று கேட்க, இவள் பயந்துகொண்டே பேர்களைச் சொல்ல, டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு வகுப்பிலும் சொன்னார். அவ்வளவுதான், பேர்கள் நிலைத்துவிட்டன. பதினேழு வருஷமாகப் பிள்ளைகள் சந்தை, வளையல் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் விடைத்தாளில் பெரிய பேரை எழுதுகிறார்கள்.

இன்னொரு சங்கதியும் சொல்லியாக வேண்டும். அஞ்சாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பிள்ளை தண்டைச் சீவும்போது கண்ணாடி வளையல் உடைந்து கையைக் கிழித்துவிட்டது. சாயமும் சிவப்பு, ரத்தமும் சிவப்பு, எது எதுவென்று தெரியவில்லை. வெட்டுப்பட்டவள் நின்றுகொண்டிருக்க, ஞானசெல்வி மயங்கி விழுந்தாள். அன்றிலிருந்து ஆய்வகத்து வாசலில் ஓர் எவர்சில்வர் தட்டு இருக்கும். "ஏட்டி, வளையலக் கழட்டுங்க" என்று சொல்லாமல் ஒரு பிள்ளையையும் உள்ளே விட மாட்டாள். மைக்ரோஸ்கோப்புக்குள் இருப்பதும் வளையல், தட்டில் கழற்றிப் போடுவதும் வளையல். இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறதென்று இத்தனை நாளில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

பதினொன்றாம் வகுப்புக்கும் அரசுத் தேர்வு நடந்த கடைசி வருஷம் அது. பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு. வெளித் தேர்வாளராக சிவகிரிப் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து ஜெயசிங் சார் வந்தார். மனுஷன் வணக்கத்துக்குக்கூடத் தலையை ஒரு தடவைதான் அசைத்தார். கையில் தன் சொந்த ஸ்லைடுப் பெட்டி ஒன்று. காப்பி கொண்டுவந்து வைத்த ஞானசெல்வியைப் பார்த்து, "டம்ளரை மைக்ரோஸ்கோப் பக்கத்துல வைக்காதீங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கே அவள் டம்ளரைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குள் போய் நின்றுகொண்டாள். அந்தப் பதற்றத்தில் வாசலில் போய் நிற்க மறந்தாள். தட்டை மறந்தாள். முதல் பேட்ச் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் கை நிறைய வளையலோடு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

மேசையில் ஏ, பி, சி, டி, இ என்று ஐந்து மைக்ரோஸ்கோப். சி-யில் மக்காச்சோளத் தண்டு, அதாவது சந்தை; ஐந்தில் தண்டு அது ஒன்றுதான். பிள்ளைகள் ஒவ்வொருத்தராகப் பார்த்து, தன் இடத்துக்குப் போய்ப் பேரையும் காரணத்தையும் எழுத வேண்டும். அறையில் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே மட்டும் ஏதோ கல்யாண வீட்டு மைக் செட். எல்லாரும் ஐந்தையும் பார்த்து முடித்து எழுதிக்கொண்டிருக்க, ப்ரியதர்ஷினியின் கையில் கிணுகிணு என்று சத்தம். ஞானசெல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயய்யோ, வளையல்! அடுத்தது பிளேடு வைத்து வெட்டுகிற பகுதி. எவளாவது கையைக் கிழித்துக்கொண்டால் இந்த சார் முன்னாலேயே ரத்தம், இந்த சார் கையாலேயே புகார்.

சத்தமாகச் சொன்னால் சார் திரும்பிப் பார்ப்பார். அதனால் குனிந்து, ப்ரியதர்ஷினி காதோரமாகக் குசுகுசுவென்று சொன்னாள். "ஏட்டி... வளையல். வளையல்."

ப்ரியதர்ஷினி பேனாவை நிறுத்தினாள். கண்ணை அகல விரித்து அக்காவைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டிவிட்டு, எழுதினதை அடித்தாள். வளையலைக் கழற்றவில்லை. தலையை ஆட்டுகிறாள், கழற்ற மாட்டேன் என்கிறாளே, இதென்ன கிறுக்கு என்று ஞானசெல்வி அடுத்தவளிடம் போனாள். அங்கேயும் குசுகுசு. அவளும் தலையாட்டினாள், அவளும் அடித்தாள். இப்படி ஒன்பது பேர். ஒருத்தியாவது கழற்றினாளா என்றால் இல்லை. ஜன்னலோரத்தில் ஹஸ்னா பானுவும் இன்னும் இரண்டு பேரும் மைக் செட் சத்தத்தில் இவள் சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை. நல்லவேளையாகப் பிளேடு வேலையும் ஒரு கீறல் இல்லாமல் முடிந்தது. ஞானசெல்வி ஸ்டோர் ரூமுக்குள் போய் ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். பாவம், எதற்கு நன்றி சொல்கிறோம் என்று தெரியாமலே சொன்னாள்.

பிள்ளைகள் வராந்தாவில் நிற்க, ஜெயசிங் சார் அங்கேயே உட்கார்ந்து தாள் திருத்தினார். ஸ்டோர் ரூமில் கண்ணாடித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த ஞானசெல்விக்கு அவர் குரல் கேட்டது.

"டீச்சர், இங்கன வாங்க. சி என்ன ஸ்லைடு?"

"மக்காச்சோளத் தண்டு சார். ஒருவிதையிலைத் தண்டு."

"இதப் பாருங்க. ஒருவிதையிலைன்னு எழுதிட்டு அடிச்சிருக்கா. அடிச்சிட்டு இருவிதையிலைத் தண்டுங்கா. இந்தா, இவளும். இந்தா, இவளும். ஒம்பது பேரும் அடிச்சிட்டு ஒரே தப்ப எழுதிருக்காளுவ. காரணம் என்ன எழுதிருக்கு பாருங்க, கற்றைகள் வளையமாக அமைந்துள்ளன. உள்ள வளையமா இருக்கு? செதறிக் கெடக்கு! கண்ணால பாத்தவ இப்படி எழுதுவாளா? யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. சொன்னவங்களுக்கே ஒண்ணும் தெரியல."

வளையமாக. வளையல். ஞானசெல்வியின் கையிலிருந்த தட்டு நழுவித் தொட்டித் தண்ணீருக்குள் விழுந்தது. உடையவில்லை. அவளுக்குத்தான் ஏதோ உடைந்தாற்போல் இருந்தது. ஐயோ, நான் கையில் கிடப்பதைச் சொன்னேன், இவளுகள் கண்ணாடிக்குள் கிடப்பதை நினைத்துக்கொண்டார்களே! சரியாக எழுதின பிள்ளைகளைக் கெடுத்துவிட்டேனே, பாவி! அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

கோமதியம்மாள் டீச்சர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். முகம் வெளுத்திருந்தது. "ஞானம், நீயா?"

"டீச்சர், கைவளையலத்தான் டீச்சர் கழட்டச் சொன்னேன். சத்தியமா. வேற ஒண்ணும் அறியேன்."

டீச்சருக்குப் புரிந்துவிட்டது. தலையில் கை வைத்துக்கொண்டார். "வாயத் தொறந்துராத. தொறந்தா யாரு நம்புவா? தேர்வு அறையில ஆளு நின்னு விடை சொல்லிக் குடுத்துச்சுன்னுதான் எழுதுவாரு. ஒன் ஃபைலும் போயிரும், எனக்கும் மெமோ. பேசாம உள்ளயே இரி."

பேசாமல் இருக்கச் சொன்னால் ஞானசெல்விக்குக் கஷ்டமா? அவள் பிறந்ததிலிருந்து செய்துவருகிற காரியம் அது. அரை மணி நேரம் உள்ளே இருந்துவிட்டால் போதும், பிழைத்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். நான் அவளுக்குப் பூசி மெழுக மாட்டேன், நினைக்கத்தான் செய்தாள். ஆனால் கதவு சரியாகச் சாத்தவில்லை. கை நீட்டிச் சாத்தவும் பயமாக இருந்தது. அதனால் எல்லாம் காதில் விழுந்தது.

ஒன்பது பேரையும் உள்ளே கூப்பிட்டு நிறுத்தினார் சார். "யாரு சொன்னா?"

யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது.

"யாரு சொன்னான்னு சொல்லிட்டா அவங்களோட போயிரும். சொல்லலைன்னா ஒம்பது பேரு தாளும் தனிக் கவர்ல போவும். முறைகேடுன்னு எழுதி அனுப்புவேன். ஒங்க வீட்டுல வந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும்."

ஞானசெல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இதோ, சொல்லப்போகிறார்கள். இப்போது என் பேர் வெளியே வரும். ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணினாள். வரவில்லை.

"நாங்களாத்தான் சார் எழுதுனோம்" என்றது ஒரு குரல். ப்ரியதர்ஷினி.

"ஒம்பது பேருக்கும் ஒரே நேரத்துல ஒரே தப்பு தோணுச்சோ?"

"ஆமா சார்."

"நீ ஒருவிதையிலைன்னு எழுதிட்டு ஏன் அடிச்ச?"

"எனக்கு... வளையமாத் தெரிஞ்சுது சார்" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வெடித்துவிட்டது. பக்கத்தில் நின்றவளும் அழுதாள். ஆனால் ஒருத்தி வாயிலிருந்தும் அக்கா என்ற சொல் வரவில்லை. தங்களுக்காகத் துணிந்து விடை சொன்னாள் அக்கா, அவளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அதுகள் நின்றன. ஞானசெல்வி துணிந்தாளாம்! கேட்டால் பிரின்ஸ் விழுந்து விழுந்து சிரிப்பான். பதினாறு வயசுப் பிள்ளைகள் அவளைப் பெரிய தைரியசாலி என்று நினைத்து, அவளுக்காகத் தங்கள் பரீட்சையைப் பறிகொடுக்க நிற்கின்றன.

அவளுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். பயம் அப்படியே இருந்தது. அதையும் கூட்டிக்கொண்டுதான் எழுந்தாள். கதவைத் திறந்தபோது கையில் ஈரம் சொட்டும் ஒரு கண்ணாடித் தட்டு இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"சார், நான்தான் சார் சொன்னேன். ஆனா விடை சொல்லல."

கோமதியம்மாள் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். ஜெயசிங் சார் பேனாவை மூடினார். "என்னம்மா சொல்லுதீங்க? சொன்னீங்களா, சொல்லலையா?"

வாசலில் இருக்கும் எவர்சில்வர் தட்டிலிருந்து ஆரம்பித்தாள். வளையல் உடைந்த கதை, ரத்தம், தான் மயங்கி விழுந்தது, பூச்சி அரித்த பெயர்ச்சீட்டு, சந்தை, சிலுவை, பந்தி, எல்லாம் முன்னும் பின்னுமாகக் கொட்டினாள். நடுநடுவே, "பிள்ளைகள ஒண்ணும் செய்யாதீங்க சார்" என்றாள். கேட்டுக்கொண்டிருந்த ஒன்பது பேருக்கும் அப்போதுதான் விளங்கியது. ஒருத்தி தன் கையைப் பார்த்தாள், வளையலைப் பார்த்தாள், "அட கூறுகெட்டவளே" என்று தன்னையே சொல்லிக்கொண்டாள்.

சார் நம்பவில்லை. "நல்லாருக்கே கதை! இது யாராவது முன்கூட்டிச் சொல்லி வச்ச சங்கேத வார்த்தையா இருந்தா? பாத்துப் பேரு வச்சீங்கன்னு நான் எப்படி நம்ப?"

சார் எழுந்து தன் சொந்தப் பெட்டியைத் திறந்து, பேர் ஒட்டாத ஒரு துண்டை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். "இது ஒங்க ஸ்கூல்ல கெடையாது. பாருங்க. பாத்துச் சொல்லுங்க."

ஞானசெல்வி கையிலிருந்த கண்ணாடித் தட்டை மேசையில் வைத்துவிட்டுக் குனிந்தாள். முதலில் கண்ணிமை மயிர்தான் தெரிந்தது. பதினேழு வருஷத்துக்கு முன்னால் ஆடின மாதிரியே ஆடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். நடுவில் வெள்ளை, சுற்றி வட்டமாக ஓட்டைகள். பந்தி. அப்பாடா என்று நிமிரப் போனவள் நிமிரவில்லை. ஓரத்தில் ஏதோ இருந்தது. பந்தியில் அவள் பார்த்தே இராத ஒன்று. வெளித்தோலுக்கு மேலே அடுக்கடுக்காக, வெறுங்கூடாக, பஞ்சு மாதிரி ஒரு சுற்று. தன்னை ஏமாற்றத்தான் இப்படி வைத்திருக்கிறாரோ? பந்தி என்று மட்டும் சொல்லிவிடுவோமா? தெரிந்ததைச் சொல்லாமல் விட்டால் அதுவும் தப்பாகிவிடுமோ? கண்ணை எடுக்காமலே பேசினாள்.

"சார், இது வேரு. பந்தி. ஆனா... பந்திக்கு வெளிய பந்தல் போட்டிருக்கு சார்."

"என்ன போட்டிருக்கு?"

"பந்தல் சார். நாலஞ்சு அடுக்கு. உள்ள ஒண்ணும் இல்லாம வெறுங்கூடா இருக்கு. மண்ணப் பிடிக்கிற தூவியும் காணோம்." திருகை ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள். "இது மண்ணுக்குள்ள கெடந்த வேரு மாதிரி தெரியல சார். மண்ணுக்குள்ள இருக்கவனுக்குப் பந்தல் எதுக்கு?"

ஜெயசிங் சார் அவளை விலகச் சொல்லிவிட்டுத் தான் குனிந்து பார்த்தார். அவரே வெட்டின துண்டு, எத்தனையோ தடவை பார்த்த துண்டு. ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கோமதியம்மாள் டீச்சரிடம், "சிவகிரி மலையில எடுத்தது டீச்சர். மரத்துல தொத்தி வளருற ஆர்க்கிட். வேரு காத்துல தொங்கும். பெய்யுற மழையைப் பிடிச்சு வைக்கிறது அந்த வெளிச்சுத்துதான்" என்றார்.

ஞானசெல்வியைப் பாராட்டுவார் என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்கு அவரைத் தெரியாது. ஒன்பது பேரையும் வராந்தாவுக்கு அனுப்பிவிட்டு, பள்ளிக்கூடப் பெட்டியை அவள் பக்கமாகத் தள்ளினார். "இதுல வளையல் எது?"

அவள் விரலால் காட்டினாள். அதையே எடுத்து சி-யில் வைத்துவிட்டு, பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டார்.

"பிள்ளைகளா, அக்கா ஒங்கள வளையலக் கழட்டத்தான் சொன்னாங்க. மொதல்ல கழட்டுங்க. சி-யில வேற ஸ்லைடு வச்சிருக்கேன். ஒம்பது பேரும் திரும்பப் பாத்து எழுதணும். கண்ணால பாத்துச் சரியா எழுதுனா, நடந்த எதையும் நான் எழுத மாட்டேன். ஒருத்தி தப்பா எழுதுனாலும் எல்லாத்தையும் எழுதுவேன்." ஞானசெல்வி பக்கம் திரும்பினார். "ஒங்களையும் சேத்து. நீங்க வெளிய போய் நில்லுங்கம்மா."

வளையல்கள் எவர்சில்வர் தட்டில் சலசலவென்று விழுந்தன. அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது.

இப்போது பயம் வந்தது பாருங்கள், அதுவரைக்கும் பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று சொல்லும்படி! போயும் போயும் அதையே வைத்துவிட்டாரே மனுஷன்! வளையல் என்று எழுதித்தான் இவ்வளவு கூத்தும் நடந்தது. பிள்ளைகள் இனி செத்தாலும் அதை எழுதுவார்களா? உள்ளே வளையம் வளையமாகவே தெரிந்தாலும், அக்கா சொன்னது தப்பாகப் போயிற்று, சார் வேறு ஸ்லைடு என்றார், அதனால் வேறு எதையாவது எழுதுவோம் என்றுதானே போகும் புத்தி? ஒன்பது பேரில் ஒருத்தி போதும். ஒருத்தி பயந்தால் போதும். பயம் என்னவெல்லாம் செய்யும் என்று ஞானசெல்விக்குத் தெரியாதா? பார், பார், நல்லாப் பார் என்று உள்ளே கேட்கும்படி கத்தலாம்போல் இருந்தது. கத்தினால் அதுவும் ஒரு சங்கேதம் ஆகிவிடும். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். ஜெபிக்கலாம் என்று பார்த்தால், சிலுவையே என்று ஆரம்பிக்கும்போதே திக்கென்றது. ஐயோ, அது அவரை வேர்! நாட்டில் உள்ள நல்ல வார்த்தையையெல்லாம் நானே பிடித்துத் தண்டுக்கும் வேருக்கும் வைத்துவிட்டேனே என்று தன்னையே திட்டினாள்.

மைக் செட் நின்றுபோயிருந்தது. ராஜேஷ்குமார் ஏதோ தாள்களோடு அந்தப் பக்கமாக வந்து, "என்னக்கா, தட்டும் கையுமா நிக்கிய?" என்று கேட்டான். அவனைப் பார்த்ததும் அவளுக்கு ஃபைல்தான் தெரிந்தது. தட்டிலிருந்த வளையல்கள் எல்லாம் தாமாகவே கிணுகிணுத்தன. அவன் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

கதவு திறந்தது. முதலில் வந்தவள் ப்ரியதர்ஷினி. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. நேராக வந்து ஞானசெல்வி முன்னால் நின்றாள்.

"அக்கா, வளையல்" என்றாள்.

ஞானசெல்வி அவசரமாகத் தட்டை நீட்டினாள். "எடுத்துக்கட்டி. ஒன்னுது எது, பச்சையா?"

ப்ரியதர்ஷினி எடுக்கவில்லை. தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள். "இது இல்லக்கா. உள்ள. சி. நல்லா ரெண்டு தடவ பாத்தேன். வளையல்தான்."

அடுத்து வந்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவளும். ஒன்பதாவது ஆள் வந்து சொல்கிற வரைக்கும் ஞானசெல்வி தட்டைக் கீழே வைக்கவில்லை.